ஊருக்கு இணையம்: கிராம சபைக்குப் போகுமுன் செய்யவேண்டியவை

ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுவரும் ஒன்றிய அரசுத் திட்டமான பாரத்நெட்டின் கேபிள் ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது, வீடுகளுக்கு வரவில்லை என்று பல ஊர்களில் புலம்பல். திட்டத்தின் முதல் இலக்கே ஊராட்சி வரைதான். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்க டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து தெருவுக்கு எந்த வழியாக வரவேண்டும் என்பதை ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

முதல் வேலை, ஊராட்சி அலுவலகத்திலோ சேவை மையத்திலோ இருக்கும் ஓஎன்டி (ONT) பெட்டியைப் பார்ப்பது. ஃபைபர் கேபிள் வந்து சேரும் இணையப் பெட்டி அது. 'பான்' (PON) விளக்கு நிலையாக எரிந்தால் லைன் இருக்கிறது. 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் வழியில் எங்கோ கோளாறு. விளக்கே இல்லையென்றால் பிளக்கைப் பாருங்கள். ஃபேன் மாட்டுவதற்காகப் பிடுங்கியிருப்பார்கள்.

அடுத்தது வீட்டுக் கணக்கெடுப்பு. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். "இன்டர்நெட் வேணுமா?" என்று கேட்டால் எல்லோரும் வேணும் என்பார்கள்; அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் எத்தனை போன், மாதம் ரீசார்ஜுக்கு எவ்வளவு, சிக்னலுக்கு எங்கே போய் நிற்கிறீர்கள், எந்த நேரத்தில் சுத்தமாகக் கிடைப்பதில்லை என்று கேளுங்கள். கூகுள் ஃபார்ம் வேண்டவே வேண்டாம். சிக்னல் இல்லாதவர் அதை எப்படி நிரப்புவார்? நோட்டும் பேனாவும் போதும். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குச் சாப்பாட்டு நேரத்தில் போனால், வீட்டு வாசலில் பேசாத பெண்கள் அங்கே பேசுவார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் காலனியையும் குக்கிராமங்களையும் முதலில் முடித்துவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் விட்டுப்போகும்.

அப்புறம் ஒரு சார்ட்டில் தெருக்களை வரைந்து, மின்கம்பம் எதுவரை இருக்கிறது என்று குறியுங்கள். கேபிளைக் கம்பம் வழியாக இழுக்கலாமா, பள்ளம் தோண்ட வேண்டுமா என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும்.

சரி, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேராவது வரவேண்டும். "இணைய வசதி செய்து தரக் கோரி" என்ற ஒற்றை வரித் தீர்மானம் ஃபைலில் தூங்கிவிடும். எந்தக் குக்கிராமம், எத்தனை வீடு, எந்தப் பொதுக் கட்டடத்தில் பெட்டி வைப்பது, மாலையில் சாவி யாரிடம் இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தீர்மான நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுங்கள். இன்னொரு பிரதி திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு.

பின்சேர்க்கை: "எங்கள் ஊரில் தலைவர் பதவிக்காலம் முடிந்துவிட்டதே?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை நடக்கும். கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.