வன்னியில் புதிய நிலையம் பார்க்கப் போகும் ரயில் இரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புகையிரத நிலையம் ஒன்று திறக்கப்பட்ட செய்தி வந்ததும் கமராவுடன் புறப்படுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அதை முற்றிலும் புதியதென்று எண்ணுவதாகும். வடக்குப் பாதை வன்னியை ஊடறுத்து யாழ்ப்பாணத்தை இணைத்தது 1905 இல். 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே ஓட்டம் நின்றுபோனது; தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பிறகு ஓமந்தைக்கு 2011 இலும், கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரிலும், பளைக்கு 2014 மார்ச்சிலும் ரயில் திரும்பி வந்தது. எனவே பூச்சு மணம் மாறாத கட்டடத்தை மட்டும் படமெடுத்துவிட்டு, பேரப்பிள்ளையுடன் மேடையில் நிற்கும் முதியவரிடம் பழைய நிலையம் எந்தப் பக்கம் இருந்ததென்று கேளாமல் திரும்புகிறவர், பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

வடக்கே போகும் எந்த ரயிலையும் "யாழ்தேவி" என்று குறித்துக்கொள்வதும் நம்மிடையே ஊறிய பழக்கம். யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. உத்தரதேவி 2019 இல் வந்தது. குறிப்பேட்டில் ரயிலின் பெயரோடு எஞ்சின் இலக்கத்தையும் எழுதாவிட்டால், பின்னாளில் அந்தப் படத்துக்கு விளக்கம் சொல்ல முடியாது.

கடுகதி ரயில்கள் சிறிய நிலையங்களில் நிற்பதில்லை. பாதையும் ஒற்றைப் பாதை என்பதால், எதிரே வரும் ரயில் பிந்தினால் உங்கள் ரயிலும் நிலையமொன்றில் காத்துக் கிடக்கும். பலர் அலுத்துக்கொள்ளும் இந்தக் கிறாசிங்தான், என் கணிப்பில், பயணத்தின் மிகச் சிறந்த காட்சி: ஒன்று பக்கப் பாதையில் ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து போக, சமிக்ஞை விளக்கு பச்சைக்கு மாறும்வரை காட் (ரயில் காவலர்) எட்டிப் பார்த்தபடி நிற்பார்.

மிக மோசமான தவறு, படத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்குவது. வன்னியின் நீண்ட நேர்ப்பாதையில் தொலைவில் தெரியும் முன்விளக்கு அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். அதை நம்பி நிற்கிறவருக்கு, அது பெரிதாகத் தொடங்கியபின் விலகுவதற்கு அவகாசம் மிகக் குறைவு. பாதையோரப் பற்றைக்குள் கோணம் தேடிப் போவதும் வேண்டாம். மிதிவெடி அகற்றப்படாத நிலம் பளைக்கு வடக்கே முகமாலைப் பக்கத்தில் நீண்ட காலம் இருந்தது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை எங்கே கண்ணில் பட்டாலும் அதற்கப்பால் ஓர் அடிகூட வைக்கக்கூடாது.

படமெடுக்குமுன் நிலைய அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலும் முகம் கோணமாட்டார். பாதை பெரும்பாலும் தெற்கு வடக்காகக் கிடப்பதால் காலையில் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் நின்றால் வெளிச்சம் ரயிலின் மேல் விழும். உச்சி வெயிலில் படமும் வெளிறும், ஆளும் வாடுவார். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் போகவே கூடாது. முறிகண்டியில் இறங்குகிறவர்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கலாம். கச்சான் கோதை மட்டும் மேடையில் போடாமல் பையோடு கொண்டுபோக வேண்டும்.