இணையத்தில் இலவசச் சலுகைகளைத் தேடுவதும், மோசடியில் சிக்காமல் இருப்பதும்

இணையத்தில் உண்மையாகவே இலவசமாகக் கிடைப்பவை ஏராளமாக உள்ளன. அவற்றால் பயன்பெறுபவர்களுக்கும் இலவசம் என்ற பெயரில் ஏமாறுபவர்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒன்றுதான். முன்னவர்கள் தமக்கு வேண்டியதைத் தாமே தேடிச் சென்று எடுத்துக்கொள்கிறார்கள். பின்னவர்களைச் சலுகையே தேடி வருகிறது. குறுஞ்செய்தியாகவோ, வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய இணைப்பாகவோ, திடீரென்று திறக்கும் விளம்பரமாகவோ வந்து நிற்கும் இலவசத்தைத் தொடாமல் விட்டாலே ஆபத்தில் பெரும்பகுதி விலகிவிடும்.

தேடத் தொடங்குவதற்கு முன், கொடுப்பவர் ஏன் கொடுக்கிறார் என்ற கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். மைக்கேல் ஹார்ட் 1971இல் தொடங்கிய புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் பல்லாயிரம் மின்னூல்கள் இலவசமாகக் கிடைப்பதற்குக் காரணம், அவற்றில் பெரும்பாலானவற்றின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது என்பதே. லிப்ரே ஆபிஸ் (அலுவலக ஆவணங்களுக்கு), விஎல்சி (காணொளிகளுக்கு), ஜிம்ப் (படங்களைத் திருத்த) போன்ற மென்பொருள்கள், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் திறந்த உரிமத்தில் வெளியிடப்படுபவை. தன்னார்வலர்களின் உழைப்பும் நன்கொடையும் அவற்றைத் தாங்குகின்றன. கான் அகாடமியின் பாடங்களும் நன்கொடையால் நடப்பவையே. எபிக் கேம்ஸ் ஸ்டோர் 2018 டிசம்பர் முதல் விளையாட்டுகளை இலவசமாக வழங்கி வருவது, வாடிக்கையாளர்களைத் தன் கடைக்கு வரவழைப்பதற்காக. பல ஊர்களின் பொது நூலகங்கள் தம் உறுப்பினர்களுக்கு லிப்பி போன்ற செயலிகள் வழியாக மின்னூல்களையும் ஒலிநூல்களையும் கட்டணமின்றி இரவல் தருகின்றன. பலரும் கவனிக்காமல் விடும் நல்ல வாய்ப்பு இது. இவை ஒவ்வொன்றிலும் கொடுப்பவரின் காரணம் வெளிப்படையாக இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் விலையுயர்ந்த கைபேசியை உங்களுக்கு மட்டும் பரிசளிக்க முன்வந்தால், அப்படி ஒரு காரணத்தை எங்கும் காண முடியாது.

தேடும் முறையிலும் கவனம் தேவை. தேடுபொறியில் முதலில் தோன்றும் முடிவு விளம்பரமாக இருக்கலாம். அந்த இடத்தை மோசடிக்காரர்களும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். ஜிம்ப் மென்பொருளைத் தேடியவர்களை, அதன் தளத்தைப் போலவே அமைத்த போலித் தளத்துக்கு அழைத்துச் சென்று தகவல் திருடும் நிரலை இறக்கவைத்த விளம்பரம் ஒன்று 2022இல் கூகுள் தேடலிலேயே தோன்றியது. எனவே, விளம்பரம் என்ற குறிப்புள்ள முடிவுகளைத் தாண்டிச் செல்லுங்கள். ஒரு மென்பொருளின் அதிகாரபூர்வத் தளம் எது என்று தெரியாவிட்டால், அதைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் பொதுவாக அந்த முகவரி தரப்பட்டிருக்கும். இரண்டு இடங்களில் ஒப்பிட்ட பிறகு இறக்குவது நல்லது.

முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்வதை எல்லாவற்றுக்கும் மேலான பயிற்சியாக நான் கருதுகிறேன். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் (//) பிறகு, அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். புள்ளிகளால் பிரிக்கப்பட்ட துண்டுகளில் கடைசி இரண்டே தளத்தின் உரிமையாளரைக் காட்டுகின்றன. நாட்டுக் குறியீட்டுடன் முடியும் சில முகவரிகளில் மூன்று துண்டுகளைப் பார்க்க வேண்டும். ‘பெரியகடை.காம்.பரிசு.நெட்’ என்ற முகவரியில் பெரியகடையின் பெயர் முன்னால் இருந்தாலும், தளம் ‘பரிசு.நெட்’ என்பவருக்கே சொந்தம். கைபேசியின் சிறிய திரையில் முகவரியின் ஒரு பகுதி மட்டுமே தெரியக்கூடும் என்பதால் இந்தத் தந்திரம் எளிதில் பலிக்கிறது. முகவரிப் பட்டியைத் தொட்டு முழுவதையும் பார்த்துவிடுங்கள். இதைவிட நுட்பமான ஏமாற்றும் உண்டு. ரஷ்ய மொழி போன்றவற்றை எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்துகளில் சில, ஆங்கில எழுத்துகளைப் போலவே தோன்றுபவை. 2017இல் ஆய்வாளர் ஒருவர், ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியாகவே கண்ணுக்குத் தெரியும் ஒன்றை முழுவதும் சிரிலிக் எழுத்துகளில் பதிவு செய்து, சில பிரவுசர்களில் வேறுபாடே தெரியவில்லை என்பதைக் காட்டினார். பிரவுசர் நிறுவனங்கள் அதன்பின் பாதுகாப்பைக் கூட்டியிருந்தாலும், செய்தியில் வந்த இணைப்பை அழுத்துவதைவிட முகவரியை நாமே தட்டச்சு செய்வது எப்போதும் மேலானது.

சில பிரவுசர்களில் முகவரிக்கு அருகில் தெரியும் பூட்டுச் சின்னத்தை நேர்மைக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கருவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே தகவல், வழியில் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டுச் செல்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இதற்கான சான்றிதழை எவருக்கும் இலவசமாக வழங்குவதால், போலித் தளங்களிலும் அதே பூட்டு இருக்கும்.

அடுத்ததாக, சலுகை உங்களிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். பொருள் இலவசம், அனுப்பும் செலவை மட்டும் செலுத்துங்கள் என்ற வகை மிகப் பரவலானது. கேட்கும் தொகை சிறியதாக இருப்பதால் போனால் போகட்டும் என்று பலரும் கட்டிவிடுகிறார்கள். அங்கே குறிவைக்கப்படுவது அந்தச் சிறு தொகை அன்று. உங்கள் வங்கி அட்டையின் எண், காலாவதி நாள், பின்புறமுள்ள பாதுகாப்புக் குறியீடு ஆகியவையே. சில தளங்கள் அடியில் சிறிய எழுத்தில் மாதச் சந்தாவுக்கான ஒப்புதலையும் சேர்த்து வாங்கிவிடுகின்றன. பரிசு பெறுவதற்கு வரி அல்லது செயலாக்கக் கட்டணம் முன்கூட்டியே கேட்பதும் இதே இனத்தைச் சேர்ந்தது: ஒன்றைக் கட்டியதும் மற்றொன்று வரும். ஒருமுறைக் கடவுச்சொல்லை, அதாவது ஓடிபியை, எந்தச் சலுகைக்காகவும் யாரிடமும் சொல்லக் கூடாது. புகழ்பெற்ற நிறுவனத்தின் ஆண்டுவிழா என்று சொல்லி, நான்கு எளிய கேள்விகள் கேட்டு, பரிசுப் பெட்டி ஒன்றைத் திறக்கச் சொல்லி, முதல் முறை வெறுமையையும் அடுத்த முறை பரிசையும் காட்டி, பிறகு பத்து நண்பர்களுக்கு அனுப்பச் சொல்லும் பக்கங்களில் அந்தப் பெட்டிகளின் முடிவு முன்பே எழுதப்பட்டது. கீழே உள்ள வாழ்த்துரைகளும் போலியானவை. அதை நண்பர்களுக்கு அனுப்பும்போது உங்கள் மீதுள்ள நம்பிக்கையையும் சேர்த்தே அனுப்புகிறீர்கள் என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

நேர்மையான நிறுவனங்கள் தரும் இலவசச் சோதனைக் காலத்துக்கும் தனிக் கவனம் தேவை. அட்டை விவரம் கொடுத்துச் சேர்ந்தால், காலம் முடிந்ததும் சந்தா தானாகத் தொடங்கும். சேர்ந்த அன்றே ரத்து செய்யும் பக்கம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, முடிவு நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக நினைவூட்டலை வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் வழியாகச் சேர்ந்த சோதனைகளை, முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ய வேண்டும். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. சந்தாவைத் தனியாகத்தான் ரத்து செய்ய வேண்டும். உங்கள் வங்கி செலவு வரம்பு வைக்கக்கூடிய மெய்நிகர் அட்டை வழங்கினால், இத்தகைய சோதனைகளுக்கு அதையே பயன்படுத்துங்கள்.

இலவசங்களுக்கென்றே தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தொடங்கி, வங்கிக் கணக்கோடு தொடர்புள்ள முகவரியை எங்கும் கொடுக்காமல் இருங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு கடவுச்சொல் கட்டாயம் வேண்டும்.

விலையுள்ள மென்பொருளின் உரிமப் பூட்டை உடைத்து இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்களை முழுவதும் தவிர்த்துவிடுங்கள். அங்கிருந்து இறக்கும் கோப்புகள் சில, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை மட்டுமின்றி, நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கீகளையும் திருடுகின்றன. அப்போது இரண்டடுக்குச் சரிபார்ப்புகூட உதவாமல் போகலாம். கோப்புகளில் தீய நிரல் உள்ளதா என்று பார்க்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பைச் சோதிக்கலாம். ஆனால் அது எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது உத்தரவாதம் ஆகாது. அங்கே ஏற்றும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படுவதால், உங்கள் சொந்த ஆவணங்களை ஏற்றவும் கூடாது.

விவரங்களைக் கொடுத்துவிட்ட பிறகு ஐயம் எழுந்தால், வெட்கப்பட்டு நேரத்தை இழக்காதீர்கள், திறமையானவர்களும் ஏமாறுகிறார்கள். முதலில் அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் வங்கியை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள்; பணம் போயிருந்தால் அதை மறுத்து முறையீடு பதிவு செய்யுங்கள். பிறகு, பாதிக்கப்படாத வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். செய்திகளையும் முகவரிகளையும் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொண்டு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். அதற்குப் பின் சில நாள்களில், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் செலுத்துங்கள் என்று யாராவது தொடர்பு கொள்ளக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நடத்தப்படும் இரண்டாவது மோசடி அது. அதற்குப் பதில் எழுதாமல் அந்த எண்ணைத் தடை செய்துவிட்டு, வந்த செய்தியை முன்பு கொடுத்த புகாருடன் சேர்த்துக் கொடுங்கள்.