மலைச்சரிவில் தடுப்புச்சுவர் கட்டுவது எப்படி?

குன்னூர், கொடைக்கானல் போன்ற ஊர்களில் சரிவை வெட்டிச் சமன்படுத்தி வீடு கட்டுவோர், வீட்டின் வரைபடத்துக்கு முன்பே தடுப்புச்சுவரைத் திட்டமிட வேண்டும். மதில் சுவரையே சற்றுத் தடிமனாக எழுப்பினால் போதும் என்று எண்ணுவது தவறு. மதில் பெரும்பாலும் தன் எடையைத்தான் சுமக்கிறது, தடுப்புச்சுவரோ பின்னாலிருந்து ஓயாமல் தள்ளும் மண்ணை எதிர்த்து நிற்கிறது.

ஆழம் கூடக்கூட மண்ணின் அழுத்தமும் கூடுவதால், சுவரின் உயரம் இரு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்காகவும், சுவரைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் எட்டு மடங்காகவும் உயர்கின்றன. 3 மீட்டர் உயரச் சுவரின் பின்னால் மணற்பாங்கான உலர்ந்த மண் இருந்தால், மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 2.7 டன் விசை விழும். அதே மண்ணில் மேல்மட்டம் வரை மழைநீர் தேங்கினால், நீரின் அழுத்தமும் சேர்ந்து அது இரு மடங்கைத் தாண்டிவிடும். அடைமழையில் சுவர்கள் சரிவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

சுவரின் உயரம் இரண்டு மீட்டருக்குள் என்றால், தன் எடையாலேயே நிற்கும் கருங்கல் சுவர் ஏற்றது. அதன் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. கம்பிவலைக் கூடைகளில் கல் நிரப்பி அடுக்கும் கேபியன் சுவரில் நீர் தானாகவே வடிந்துவிடும். இடமிருந்தால் நான் அதையே பரிந்துரைப்பேன். உயரம் கூடினால், பக்கவாட்டில் ‘ட’ போலத் தோன்றும் ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) கான்டிலீவர் சுவர் சிக்கனமானது. அதன் அடித்தளப் பலகைமீது அமரும் மண்ணின் எடையே சுவரைக் கவிழாமல் பிடித்துக்கொள்கிறது. இவ்வகைச் சுவரில் முதன்மைக் கம்பிகள் மண் பக்கமாகவே இருக்க வேண்டும், ஏனெனில் இழுவிசை அங்கேதான் ஏற்படுகிறது. வெளிப்பக்கம் கட்டிய கம்பியால் பயனில்லை. ஏறக்குறைய 6 மீட்டருக்கு மேல், பின்புறம் முக்கோணத் தாங்கிகள் சேர்க்கப்படும். மேம்பால அணுகுசாலைகளில் காணும் கான்கிரீட் பலகைச் சுவர்கள், மண்ணுக்குள் பட்டைகளைப் பதித்து மண்ணையே வலுவூட்டும் வேறு வகை.

எவ்வகையானாலும், அடித்தளத்தை நிரப்பு மண்ணில் அல்லாமல் உறுதியான தரையில் அமைத்து, பின்னால் சேரும் நீர் வடிவதற்காகச் சுவரில் சுமார் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் 75 அல்லது 100 மில்லிமீட்டர் பிவிசி குழாய்களை வெளிநோக்கிச் சரிவாகப் பதிக்க வேண்டும். அவற்றின் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, மண் புகுந்து அடைக்காதபடி வடிதுணி விரிக்க வேண்டும். கான்கிரீட் போதிய வலிமை பெற்ற பின்னரே பின்புறத்தை நிரப்பலாம்; களிமண்ணைத் தவிர்த்து, கிராவல் மண்ணை 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகக் கைக்கருவியால் இறுக்குவது நல்லது. மேலே வண்டி நிறுத்தவோ தண்ணீர்த் தொட்டி வைக்கவோ உத்தேசம் இருந்தால், கணக்கிடும் பொறியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பூச்சு வேலை செய்பவர்கள், பார்வைக்கு அழகாக இல்லையென்று வடிகுழாய்களின் வாயைச் சிமென்ட்டால் மூடிவிடுவதுண்டு. ஆகவே, கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு குழாயிலும் ஒரு கம்பியை விட்டு, அது ஜல்லி வரை தடையின்றிச் செல்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.