தொழில் நிகழ்வுகளில் கிடைக்கும் அறிமுகங்களைத் தக்கவைப்பது எப்படி: நேரிலும் இணையவழியிலும்

என் முதல் பெரிய தொழில் கருத்தரங்கிலிருந்து 38 விசிட்டிங் கார்டுகளோடு திரும்பினேன். நான்கு நாள் கழித்து அவற்றை மேசைமேல் பரப்பியபோது ஐந்து பேரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. நான் பேக்கேஜிங் வடிவமைப்பாளர். கண்ணாடிக் குப்பிகளுக்குப் புதிய பெட்டி வேண்டும் என்று என்னிடம் பத்து நிமிடம் பேசியவரின் அட்டையும் அந்தக் குவியலில்தான் இருந்தது. எது அவருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த இழப்பு இன்றும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு பல நிகழ்வுகளில் மாற்றி மாற்றிச் செய்துபார்த்து, பலன் தந்த வழியை இங்கே எழுதுகிறேன். பதிவு செய்வது, உடை, நேரத்துக்குப் போவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முன்பின் தெரியாதவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்ற தயக்கம் இருந்தால் இதை மட்டும் படியுங்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அறிமுகமானவர்கள் மூலம் புது வேலை பெற்றவர்களிடம், அந்த நபரை அக்காலத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி சந்தித்தோம் என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வெளிவட்டத்திலிருந்துதான் வருகிறது.

படி 1: மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்

பேச்சாளர் பட்டியலும், கிடைத்தால் பங்கேற்பாளர் பட்டியலும் எடுத்து, கட்டாயம் சந்திக்க வேண்டிய மூன்று பேரைக் குறியுங்கள். ஒவ்வொருவருக்கும், அவரால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். பேச்சாளரை மேடையடியில் மொய்க்கும் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். அங்கே யாருக்கும் அரை நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. அடுத்த அமர்வில் அவரும் பார்வையாளராக உட்கார்ந்திருப்பார். அப்போது அருகில் போய் அமருங்கள்.

படி 2: உங்களைப் பற்றி ஒரு வாக்கியம்

பதவிப் பெயர் பேச்சை அங்கேயே முடித்துவிடும். 'நான் வடிவமைப்பாளர்' என்றால் 'அப்படியா' என்பதோடு நின்றுவிடுவார்கள். 'போகிற வழியில் உடைந்துவிடும் பொருள்களுக்கு உடையாத பெட்டி செய்கிறேன்' என்றால் அடுத்த கேள்வி தானாக வரும். வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் வாக்கியம் நீளம்.

படி 3: நிற்கும் கோணத்தைப் பாருங்கள்

இருவர் நேருக்கு நேர் நெருங்கி நின்றால் அந்தப் பேச்சுக்குள் நுழையாதீர்கள். தோள்கள் சற்று வெளிப்பக்கம் திரும்பி, நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் இருந்தால் தாராளமாகப் போகலாம். மனிதர்கள் குழுவாக நின்று பேசும்போது தங்களுக்கு நடுவே பொது இடம் ஒன்றை உருவாக்கிக்கொள்வதை ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இதை அறிந்த பிறகு அரங்குக்குள் நுழையும்போது எனக்கிருந்த திகைப்பு பெருமளவு போய்விட்டது. தனியாக நிற்பவர் இருந்தால் முதலில் அவரிடமே போங்கள். உங்களைவிட அவர் நிம்மதி அடைவார்.

படி 4: அடுத்தவரிடம் போவதற்கு முன் எழுதுங்கள்

நான் தவறிய இடம் இதுதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பேச்சு முடிந்ததும், அடுத்ததைத் தொடங்குவதற்கு முன், சுவரோரமாக ஒதுங்கி ஒரு நிமிடம் எழுதுங்கள். மூன்றே விஷயங்கள் போதும்: எங்கே சந்தித்தீர்கள், அவர் சொன்ன சிக்கல் என்ன, நீங்கள் கொடுத்த வாக்கு என்ன. என் நோட்டுப் புத்தகத்தில் ஒரு குறிப்பு இப்படி இருக்கிறது: 'நுழைவாயில் அருகே, நீலச் சட்டை. குப்பிகளின் கழுத்து உடைகிறது. தேன்கூட்டு அட்டையில் (தேன்கூடு போல அறைகள் உள்ள பெட்டி அட்டை) ஒரு மாதிரி அனுப்புவதாகச் சொன்னேன்.' அந்தக் கடைசி வரிதான் உயிர்நாடி. வாக்கு ஏதும் கொடுக்காமல் பிரிந்திருந்தால், மறுநாள் எழுதுவதற்குக் காரணமே இல்லாமல் போகும்.

முதலில், மாலையில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாலைக்குள் எல்லாக் குரல்களும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அடுத்த முறை பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதினேன். எதிரில் இருந்தவர் அளந்து பேசத் தொடங்கிவிட்டார். இரண்டும் வேண்டாம். முறையாக விடைபெற்றுக்கொண்டு, பிறகு எழுதுங்கள்.

விடைபெறுவதற்கும் சிலர் சங்கடப்படுகிறார்கள். 'உங்களோடு பேசியது பயனுள்ளதாக இருந்தது. அந்த மாதிரியை நாளை அனுப்புகிறேன். இன்னும் சிலரைப் பார்க்க வேண்டியிருக்கிறது' என்றால் போதும். உண்மையைச் சொல்வதால் யாரும் மனம் நோவதில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை, சட்டைப்பையில் அடங்கும் நோட்டும் பென்சிலும்தான் என் தேர்வு. வழவழப்பான அட்டையில் ஜெல் பேனா மை ஈஷிக்கொள்ளும். அட்டையைப் படமெடுத்துப் பதிவு செய்யும் செயலிகள் பெயரையும் எண்ணையும் பிடித்துவைக்கும்; அவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். அட்டை இல்லாதவரிடம் லிங்க்ட்இன் செயலியின் கியூஆர் குறியீட்டைக் காட்டுங்கள். எண்ணைச் சொல்லித் தட்டச்சு செய்வதைவிட அது பிழையற்றது. ஒரு நாளில் எட்டுப் பேருக்கு மேல் எழுதினால் என்னால் பின்தொடர முடிவதில்லை. உங்கள் எண் வேறாக இருக்கலாம். ஆனால் ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: இணையவழி நிகழ்வு

இங்கே யாரும் தற்செயலாக உங்கள் பக்கம் திரும்ப மாட்டார்கள். ஜூமில் அமைப்பாளர் அனுமதித்திருந்தால், உங்கள் பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் சேர்த்து மாற்றிக்கொள்ளுங்கள். அரட்டைப் பெட்டியில் வணக்கம் சொல்வதோடு நிற்காமல், பேச்சாளர் சொன்ன ஒரு கருத்தைக் குறிப்பிட்டுக் கேள்வி கேளுங்கள். அதற்குப் பதில் எழுதுபவர்களே நீங்கள் தொடர்புகொள்ள வேண்டியவர்கள்.

பங்கேற்பாளர்களைச் சிலர் சிலராகப் பிரித்துப் பேசவிடும் சிறு குழு அறைகளில் கவனம் தேவை. அமைப்பாளர் அறைகளை மூடினால், வழக்கமான அமைப்பில் 60 விநாடிகளில் எல்லோரும் பொது அரங்குக்குத் திரும்பிவிடுவார்கள். நல்ல உரையாடல் ஒன்று வாக்கியத்தின் நடுவிலேயே எனக்கு அப்படி அறுந்துபோனது. இப்போதெல்லாம் அறைக்குள் போன முதல் இரண்டு நிமிடங்களிலேயே என் லிங்க்ட்இன் இணைப்பை அரட்டையில் இட்டு, மற்றவர்களையும் இடச் சொல்கிறேன். அந்த இணைப்புகளை உடனே வேறிடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். கூட்டத்தை விட்டு வெளியேறிய பின் அரட்டை கைக்குக் கிடைக்காமல் போகலாம். சேமிக்கும் வசதியை அமைப்பாளர் தடுத்துவைத்திருப்பதும் உண்டு.

கேமராவைவிட மைக்குக்கு முக்கியத்துவம் கொடுங்கள். படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள். குரல் இரைந்தால் விலகிவிடுவார்கள். சாதாரண வயர் இயர்போனையே நான் நம்புகிறேன். உங்கள் முகத்தை உங்களுக்கு மட்டும் மறைக்கும் வசதியையும் பயன்படுத்துங்கள். கவனம் எதிரில் இருப்பவர்மேல் நிற்கும்.

படி 6: மறுநாளே எழுதுங்கள்

நோட்டைத் திறந்து, குறிப்பிலிருந்தே செய்தியை எழுதுங்கள்: 'நேற்று நுழைவாயில் அருகே குப்பிகளின் கழுத்து உடைவதைப் பற்றிப் பேசினோம். சொன்ன தேன்கூட்டு அட்டையின் படங்களை இணைத்திருக்கிறேன். மாதிரி வேண்டுமென்றால் முகவரி அனுப்புங்கள்.' முதல் செய்தியில் எதையும் விற்காதீர்கள்.

'அவருக்கு என்னைப் பிடித்திருக்காது' என்ற எண்ணம் கையைக் கட்டிப்போடும். 2018இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், புதியவர்களோடு பேசியவர்கள், எதிரில் இருந்தவருக்குத் தங்களைப் பிடித்த அளவைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். அதனால் அனுப்பிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

லிங்க்ட்இன் அழைப்பில் குறிப்பு எழுத இடமே வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மொபைல் செயலியில் இணைப்புப் பொத்தானை நேரடியாகத் தொட்டால் அழைப்பு குறிப்பில்லாமலே போய்விடக்கூடும். அவரது பக்கத்தில் உள்ள கூடுதல் விருப்பங்களைத் திறந்தால் குறிப்போடு அழைக்கும் வழி இருக்கும். கட்டணமில்லாக் கணக்குகளுக்கு மாதத்துக்குச் சில குறிப்புகளே அனுமதி. அவை தீர்ந்துவிட்டால் அழைப்பை மட்டும் அனுப்பி, அவர் ஏற்றுக்கொண்டதும் செய்தி எழுதுங்கள்.

கூச்சத்தால் பேச்சைத் தொடங்கவே முடியவில்லை என்றார் ஒருவர். அமைப்பாளரிடம் கேட்டு, பதிவு மேசையில் ஒரு மணி நேரம் உதவிக்கு நில்லுங்கள். வருகிற ஒவ்வொருவரும் அவர்களாகவே உங்களிடம் பேசுவார்கள்.

பதில் வராவிட்டால்? பத்து நாள் கழித்து, அவர் சொன்ன சிக்கலுக்கு உதவும் ஏதாவது ஒன்றோடு இன்னொரு முறை எழுதுவேன். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவைத்துவிடுவேன். அடுத்த ஆண்டு நிகழ்வின் பங்கேற்பாளர் பட்டியல் வரும்போது, முதலில் பார்ப்பது அந்த மடித்த பக்கங்களைத்தான்.