கூட்டு ஊழியத்துக்குப் போகிறீர்களா? முதலில் பாயில் உட்காருங்கள்

வெளியூர்ச் சபையோடு கூட்டு ஊழியம் என்றதும் சேகரக் கமிட்டியில், அதாவது நம் சபை வட்டாரத்தின் நிர்வாகக் குழுவில், எழும் முதல் கேள்வி, "மாதம் எவ்வளவு அனுப்பலாம்?" அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அங்கே கூட்டத்துக்கு யார் தலைமை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பணம் போய்ச் சேர்ந்த பிறகு இதைப் பேச முடியாது. எல்லாரும் கொடுத்தவர் முகத்தையே பார்ப்பார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து தெலுங்கு மலைக் கிராமங்களுக்குக் குழுக்களை அழைத்துப் போகிறவள் நான். நம்மவர்களுக்கு மைக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. சால்வை, வரவேற்புரை, பிறகு ஒரு மணி நேரப் பிரசங்கம். முதல் பயணத்தில் பிரசங்கமே வேண்டாம். அந்தச் சபை மூப்பர் தலைமை வகிக்கட்டும். நிகழ்ச்சி நிரலையும் அவர்களே எழுதட்டும். நாற்காலி போட்டாலும் எல்லாரோடும் பாயில் உட்காருங்கள்.

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகளிடம் "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டதை நாம் பெருமையாகச் சொல்வோம். இன்று மலைச் சபைகள் அதையே நம்மிடம் கேட்கலாம். அவர் தெலுங்கு கற்றுக்கொண்டு, இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல்லில் உழைத்தார்; 1912இல் அங்கே பேராயரானார். நீங்கள் வணக்கமும் நலம் விசாரிப்புமாவது அவர்கள் மொழியில் பழகிக்கொண்டு போங்கள்.

திட்டத்தை வாசித்துவிட்டு "சரிதானே?" என்று கேட்காதீர்கள். விருந்தாளி மனம் நோகக் கூடாதென்று தலையாட்டிவிடுவார்கள். மாலையில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். இரவு அவர்கள் தங்களுக்குள் பேசட்டும். மறுநாள், "இதில் எதை மாற்ற வேண்டும்?" என்று கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், தண்ணீர், பள்ளிக்கூடம், ரேஷன் பற்றிய உண்மை அங்கேதான் வரும். மொழிபெயர்ப்பவர் உங்களிடம் சம்பளம் வாங்கும் ஊழியராக இருந்தால் கசப்பான பேச்சு பாதி வழியிலேயே இனித்துவிடும். அவர்கள் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவரும் கூட இருக்கட்டும்.

இனிப் பணம். அவர்கள் பங்கு கைப்பிடி அரிசியோ கோழியோ எதுவானாலும், கணக்கில் அதை முதல் வரியில் எழுதுங்கள். செலவுக்கு அவர்கள் கமிட்டியில் இருவர் கையெழுத்துப் போதும். நீங்கள் கணக்கைப் பார்த்தால் போதும். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ உள்ள சபை பணம் அனுப்புவதானால் விஷயம் வேறு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, பணத்தை வாங்கும் அமைப்புக்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதை வெளிநாட்டு நண்பர்களுக்கு ஆரம்பக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். "ஏன் நேராக மலைச் சபைக்கு அனுப்பக் கூடாது?" என்று கேட்பார்கள், பதில் கையில் இருக்கும்.

பிள்ளைகளைப் படம் எடுக்கும் முன் தாயிடம் கேளுங்கள். அடுத்த கூட்டம் உங்கள் ஊரில், அவர்கள் தலைமையில். ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடுங்கள்.