வறண்ட நிலத்திலும் தாக்குப்பிடிக்கும் மரக்கன்றுகளை வளர்ப்பது எப்படி?

மேல்மண் அரித்துப்போய், சத்திழந்து இறுகிய நிலத்தில் கன்று பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் நாற்றங்காலிலேயே முடிவாகிவிடும். நெடுநெடுவென வளர்ந்த கன்றைப் பார்த்து மயங்க வேண்டாம். தண்டு பருத்து வேர் நிறைந்த குட்டைக் கன்றுதான் அங்கே நிற்கும்.

நடவுக்கு 4 முதல் 6 மாதம் முன்பே விதையுங்கள். வேப்ப விதை சீக்கிரமே முளைப்புத்திறனை இழந்துவிடும். பழம் விழுந்ததும் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும். புங்கனுக்கு விதைநேர்த்தி (விதைக்கும் முன் வெந்நீரில் ஊறவைப்பது, தோலைக் கிள்ளுவது) எதுவும் தேவையில்லை. வாகை, கருவேல், சூபாபுல் விதைகளின் தோல்தான் தண்ணீரை உள்ளே விடாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொதி அடங்கியதும் விதையைக் கொட்டி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பதை விதைக்கலாம். உப்பாததை நகவெட்டியால் ஓரத்தில் லேசாகக் கிள்ளி மறுபடி ஊறவையுங்கள். அடுப்பிலேயே விட்டால் விதை வெந்துவிடும்.

10 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரமுள்ள, அடியில் துளையிட்ட பை போதும். மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் 1 பங்கு. மட்காத சாணம் வேரைக் கருக்கிவிடும். அதே இன மரம் செழித்து நிற்கும் இடத்து வேர்மண்ணைக் கலவைக் கூடைக்கு ஒரு கைப்பிடி சேர்த்தால், வேருக்குச் சத்து இழுத்துத் தரும் வேர்ப்பூஞ்சாணமும், புங்கன், வாகை போன்றவற்றுக்குக் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சு பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும்.

பைக்கு இரண்டு விதை, விதையின் தடிமனைப் போல் இரு மடங்கு ஆழம். இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் ஆட்டம் காணும். பாத்தியில் முளைக்கவைத்துப் பைக்கு மாற்றும்போது ஆணிவேர் மடங்கிக்கொள்வது வழக்கம். அந்தக் கோணல் நிமிராது. சில வருடம் கழித்துக் காற்றில் மரம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்மட்டத்தில் தண்டு நூலாக இளைத்து நாற்று சாய்ந்தால் அது நாற்றழுகல். தண்ணீரும் நிழலும் மிஞ்சிவிட்டன என்று அர்த்தம். விழுந்ததை அகற்றி, காலையில் மட்டும் நீர் விடுங்கள்.

பையைத் தாண்டி நிலத்தில் இறங்கும் வேர் பெரிய தலைவலி. நடவன்று பிய்த்தெடுக்கையில் பாதி வேர் தரையிலேயே நின்றுவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பைகளை இடம் மாற்றி வையுங்கள். கம்பிவலைத் தட்டு இன்னும் நல்லது: துளைவழி வரும் வேர்நுனி காற்றுப்பட்டுக் காய, உள்ளே பக்கவேர்கள் பெருகும்.

கடைசி ஆறு வாரம் கன்றைப் பழக்கும் காலம். நிழல்வலையைப் படிப்படியாக விலக்கி, தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை நிறுத்தி, தண்ணீரைக் குறையுங்கள். உச்சிவெயிலில் இலை சற்றே துவண்டு மாலையில் நிமிர்ந்தால் அளவு சரி.

பிறகு அளந்து பாருங்கள். உயரத்தைச் செ.மீ.யிலும் அடித்தண்டின் விட்டத்தை மி.மீ.யிலும் எடுத்து வகுத்தால் 6-க்கு மேல் போகக் கூடாது. 36 செ.மீ. உயரம், 6 மி.மீ. தடிமன் என்றால் தேறிவிட்டது. 50-க்கு 5 என்றால் நடுவது வீண்.

மழையில் மண் 30 செ.மீ. ஆழத்துக்கு நனைந்த பிறகே நடவு. 45 செ.மீ. குழியின் பக்கச்சுவர் வழவழப்பாக இருந்தால் வேர் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும், கடப்பாரையால் கொத்திவிடுங்கள். பையை முழுதாக நீக்கி, அடியில் சுருண்ட வேரை நறுக்கி நடுங்கள். சரிவு நிலமானால் கீழ்ப்பக்கம் பிறைவடிவ வரப்பு தேவை. மண் ஈரம் காக்கப் பரப்பும் சருகு, வைக்கோல் மூடாக்கைத் தண்டிலிருந்து மூன்று விரல் தள்ளிப் போடுங்கள். சுற்றிலும் ஒரு மீட்டருக்குப் புல் இல்லாமல் இரண்டு வருடமாவது பார்த்துக்கொள்ள வேண்டும். 3×3 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 450 கன்று; பட்டுப்போன இடத்தை அதே மழைக்காலத்திலேயே நிரப்ப 20 சதவீதம் கூடுதலாக வளர்த்துவையுங்கள்.