வீட்டுப் பள்ளி அறை: ஆசாரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

போன மாதம் ஒரு தம்பதி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகளுக்கு ஆறு வயது. ஜூனிலிருந்து ஹோம்ஸ்கூலிங், அதாவது பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பதை, தொடங்கப் போகிறார்கள். அந்தப் பெண் போனைத் திறந்து ஒரு படம் காட்டினார். ஒரு சுவர் முழுக்க வெள்ளை அலமாரி, அதோடு ஒட்டிய மேசை, மேலே வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். "இதே மாதிரி பண்ணித் தரேன்னு ஆசாரி சொல்லியிருக்கார்க்கா. திங்கக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கணும்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2016-இல் திருச்சியில் எங்கள் வீட்டு மேற்கு அறையில் நான் செய்ததும் அதேதான். அதற்குப் பிறகு எங்களைப் பார்க்க வந்த குடும்பங்களில் பல, அறை அமைப்பதில் அந்த இடத்திலேயேதான் சறுக்கியிருக்கின்றன. கத்தரிக்கோலை எட்டாத இடத்தில் வை, பிளக் பாயிண்ட்டை மூடு என்பதையெல்லாம் பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காசும் வருடங்களும் வீணாகப் போகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

சுவரோடு சேர்த்து அடித்த மேசை

அப்போது மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு நான்கு. "ஸ்கூலுக்கு அனுப்பலையா?" என்று கேட்கிற உறவினர்களுக்குக் கதவைத் திறந்து காட்ட ஓர் அறை வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒரு வாரம்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை. 18 எம்.எம். பிளைவுட், மேலே மைக்கா, பத்தடிச் சுவர் முழுக்க. மேசை உயரம் 30 அங்குலம். "பெருசானாலும் உதவும்மா" என்றார் ஆசாரி. கூலியோடு 68,000 ரூபாய் ஆனது.

30 அங்குலம் என்பது நாம் சாப்பிடுகிற மேசையின் உயரம். அன்று என் மகனின் உயரம் 116 சென்டிமீட்டர். 108 முதல் 121 சென்டிமீட்டர் வரை உள்ள பிள்ளைக்கு மேசை 53 சென்டிமீட்டர், நாற்காலி 31 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பாவின் பள்ளி மேசை நாற்காலித் தரம். அங்குலக் கணக்கில் மேசை 21, நாற்காலி 12. நான் அடிக்க வைத்தது ஒன்பது அங்குலம் அதிகம். அந்த உயரத்துக்கு நாற்காலியில் தலையணை போட்டால் கால் தொங்கும். கால் தொங்கினால் பத்தே நிமிடத்தில் பிள்ளை நெளியத் தொடங்கும். என் மகன் நாற்காலியில் மண்டிபோட்டு, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு எழுதினான். "ஒரு இடத்துல ஒழுங்கா உக்காரத் தெரியாதா?" என்று மாதக்கணக்கில் அவனைத் திட்டினேன். போன 68,000 ரூபாயை எப்போதோ மறந்துவிட்டேன். மேசை செய்த தப்புக்குப் பிள்ளையைத் திட்டியது மட்டும் ஆறவே இல்லை.

சரியான உயரத்தில் அடித்திருந்தாலும் நிலைத்திருக்காது. ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். சுவரில் அடித்த மேசை கூட வளராது.

அடுத்தது, நான் எங்கே உட்காருவது? சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எதிரில் இடம் கிடையாது. நாற்பது பேருக்கு ஒரு ஆசிரியர் என்ற கணக்கில் பள்ளியில் பெஞ்சு போடுகிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளை, ஒரு அம்மா. நாளில் பாதி நேரம் முழங்கை உரச, ஒரே புத்தகத்தில் தலையை நுழைத்துக்கொண்டுதான் படிக்கிறோம். ஒரு வருடம் முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே சொல்லிக்கொடுத்தேன்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. மேசைக்கு இடப்பக்கம் ஜன்னல். வலக்கையால் எழுதுகிற மகனுக்கு வெளிச்சம் சரியாக விழுந்தது. மகளுக்கு இடக்கைப் பழக்கம். ஒருநாள் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். 'ழ' எழுதிக்கொண்டிருந்தாள். கீழே வளைக்கும்போது அவள் கையின் நிழலே அந்த வளைவை மூடியது. கையை எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஒரு எழுத்துக்கு மூன்று தடவை. அவளுக்கு வலப்பக்கம் வெளிச்சம் வேண்டும். தனி மேசையாக இருந்தால் திருப்பிப் போட அரை நிமிடம் போதும். இதைத் திருப்ப முடியாது.

கடைசியாகக் கரையான். 2019 ஐப்பசி மழையில் மேற்குச் சுவர் ஈரம் கோத்தது. கீழ்த்தட்டில் பழைய நோட்டுகளை அடுக்கியிருந்தேன். எடுக்கப்போனபோது பலகையின் மூலையில் பென்சில் கனத்துக்கு ஒரு மண்கோடு தெரிந்தது. மேல் நோட்டின் அட்டை அப்படியே இருந்தது. தூக்கினால் கனமே இல்லை. உள்ளே பக்கங்கள் சல்லடையாகி, ஈரமண்ணாக உதிர்ந்தன. மகன் காவிரிக்கரையில் உட்கார்ந்து வரைந்த மீன்கொத்தியில் அலகும் ஒரு கண்ணும் மிஞ்சியிருந்தன. சுவருக்கும் அலமாரிக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்திருந்தால் அந்த மண்கோட்டை ஒரு மாதம் முன்பே பார்த்திருப்பேன்.

ஆகவே முதல் இரண்டு மாதம் எதுவும் அடிக்காதீர்கள், வாங்காதீர்கள். ஒரு நோட்டில் பிள்ளை எங்கே உட்கார்ந்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று மட்டும் எழுதுங்கள். நான் பிற்பாடு எழுதியபோது தெரிந்தது இதுதான்: காலையில் வாசற்படி, உச்சிவேளையில் ரெட் ஆக்சைடு தரை, மாலையில் நான் காய் நறுக்குகிற இடம். மேசைக்கு ஒரு நாளில் முப்பது நிமிடம்கூட வேலை இல்லை.

பிறகு இரும்பில் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் வாங்குங்கள். மளிகைக்கடையில் சாமான் அடுக்கியிருப்பார்களே, அதுதான். கால் முழுக்க ஓட்டை இருப்பதால் போல்ட்டைக் கழற்றித் தட்டை ஏற்றலாம், இறக்கலாம், வீடு மாறினால் பிரித்துக் கொண்டுபோகலாம். நான்கு தட்டு ரேக் எனக்கு மூவாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்தது. சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். ஆனால் மேல்பக்கத்தைக் கம்பியால் சுவர் ஆணியில் இறுகக் கட்டாமல் விடக்கூடாது, பிள்ளை ஏறினால் சாய்ந்துவிடும். ஓரங்கள் கையை அறுக்கும், ரப்பர் பட்டி ஒட்டுங்கள்.

எழுதுவதற்குக் கணக்குப்பிள்ளை மேசை தேடிப் பாருங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுகிற, சாய்ந்த மூடி போட்ட பெட்டி. எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தது. துடைத்து எடுத்து வந்தோம். மூடிக்குள் பென்சில், நோட்டு, ஸ்கேல் எல்லாம் அடங்கும். ஜன்னலுக்கு எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம்.

கதவு போட்ட அலமாரி

கண்ணில் படாததைப் பிள்ளை எடுக்காது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, 1907-இல் ரோமில் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலேயே பிள்ளைகள் உயரத்துக்கு மேசை நாற்காலி செய்ய வைத்தவர். கைக்கெட்டும் தாழ்வான அலமாரி அவர் முறையில் முக்கியம். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அவருடைய கருவிகளை வாங்க வேண்டும் என்றில்லை. அந்தத் தாழ்ந்த, திறந்த தட்டு ஒன்றே பெரிய மாற்றம்.

எங்கள் வீட்டில் அதற்கு கொலுப்படிதான். மடக்குகிற இரும்புப்படி, வருடத்தில் பதினொரு மாதம் சும்மா கிடப்பது. ஐந்து படியில் பத்துத் தட்டுகள், தட்டுக்கு ஒரு வேலை: மணி கோப்பது, வரைபடத் துண்டு சேர்ப்பது, சோழி எண்ணுவது. மற்றதெல்லாம் பரணில். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். நவராத்திரி வந்தால் பிள்ளைகளே தட்டுகளை இறக்கிப் பொம்மைகளுக்கு இடம் விடுவார்கள்.

சுவர் முழுக்க சார்ட்

ஒன்று போதும், பிள்ளையின் கண் உயரத்தில்.

லேமினேஷன் மெஷின்

முதல் வருடம் வேண்டாம்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சீட்டு

சாமான்களை எடுத்து வைப்பது பாட்டியும்தான். தமிழில் எழுதுங்கள், பிள்ளையின் கையெழுத்தில்.

காகிதத்துக்கு இடம் ஒதுக்காதது

அறை பார்க்க வருகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. ஹோம்ஸ்கூலிங் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்பைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில்தான் எழுதுகிறார்கள். 1989-இல் தொடங்கிய மத்திய அரசு வாரியம் அது. 14 வயது நிறைந்திருக்க வேண்டும், ஐந்து பாடம் எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து எழுதி அனுப்புகிற ஒப்படைப்புகளுக்கும் மதிப்பெண் உண்டு. விண்ணப்பிக்கிற அன்று பிறப்புச் சான்றிதழைத் தேடி வீட்டைப் புரட்டக்கூடாது. கரையானுக்குப் பிறகு நான் எல்லாவற்றையும் இரும்பு டிரங்குப் பெட்டிக்கு மாற்றிவிட்டேன். பெட்டிக்கு அடியில் நான்கு செங்கல். வருடத்துக்கு ஒரு கோப்பு: பிள்ளை எழுதியதில் மாதத்துக்கு மூன்று தாள், தேதி போட்டு. பூச்சிக்குத் துணியில் வசம்பு முடிந்து போடுகிறேன், ஆனால் கரையான் ஏறினால் மண்கோடு கண்ணில் படுவது அந்தச் செங்கலால்தான்.

படிப்பை அறைக்குள் அடைப்பது

பின்னக் கணக்குக்கு அட்டைத் துண்டுகள் வாங்கி, அதற்கு ஒரு டப்பாவும் வாங்கி அடுக்கியிருந்தேன். மகளுக்குக் கால், அரைக்கால் புரிந்தது அரிசி அளக்கும்போதுதான். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டில் ஒன்று என்பது அவள் கையில் ஆழாக்காக இருந்தது. பித்தளை உழக்கும் ஆழாக்கும் மாமியார் கொடுத்தவை. அவை அடுக்களையிலேயே இருக்கட்டும், பிள்ளை அங்கே போகட்டும்.

அந்தப் பெண்ணிடம், "ஆசாரியை ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டேன். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. நேற்று போன் செய்தார். நோட்டில் இரண்டு வாரம் எழுதியிருக்கிறாராம். "கூடத்து ஊஞ்சல்லதான்க்கா படிக்கிறா. எழுதறதும் அங்கதான், குப்புறப் படுத்துக்கிட்டு. வேற எங்கயும் உக்காரமாட்டேங்கிறா."

ஊஞ்சல் பலகை தரையிலிருந்து எத்தனை அங்குலம், உட்கார்ந்தால் அவள் பாதம் தரையில் படுகிறதா என்று அளந்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.